17 வயதில் ஜூனியர் பட்டம், அடுத்து எந்த வழி? ஹங்கேரி வீராங்கனைகளை வைத்து ஓர் ஒப்பீடு

2015 செப்டம்பர், நியூயார்க். யு.எஸ். ஓப்பன் ஜூனியர் மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டம். வென்றவர் ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் நகரத்துப் பெண் டால்மா கால்ஃபி, அப்போது வயது 17. தோற்றவர் அவரைவிட மூன்று மாதம் இளையவரான அமெரிக்காவின் சோஃபியா கெனின். ஸ்கோர் 7-5, 6-4. அந்தக் கோடையிலேயே விம்பிள்டன் ஜூனியர் இரட்டையரையும் சக ஹங்கேரிப் பெண் ஃபன்னி ஷ்டொல்லாருடன் சேர்ந்து கால்ஃபி வென்றிருந்தார். ஜூனியர் தரவரிசையில் உலகின் முதலிடமும் அவருக்குத்தான் வந்தது.

2020 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் மகளிர் கோப்பையைத் தூக்கியவர் கெனின். கால்ஃபி முதல் 100 இடங்களுக்குள் வர 2022 ஆகிவிட்டது.

இது ஒன்றுதான் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். 2005-இல் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் ஒற்றையரை வென்ற ஹங்கேரிப் பெண் ஆக்னெஷ் சாவாய். அதே ஆண்டு பாரிஸிலும் விம்பிள்டனிலும் ஜூனியர் இரட்டையரை அவர் வென்றபோது ஜோடியாக ஆடியவர் விக்டோரியா அஸரெங்கா. 2010-இல் ஷோப்ரோன் நகரத்து டீமியா பாபோஷ் பிரெஞ்சு, விம்பிள்டன், யு.எஸ். என மூன்று ஜூனியர் இரட்டையர் பட்டங்களை அள்ளினார்; உடன் ஆடியவர் ஸ்லோன் ஸ்டீஃபன்ஸ். பின்னாளில் அஸரெங்கா இரண்டு ஆஸ்திரேலிய ஓப்பன்களையும் ஸ்டீஃபன்ஸ் 2017 யு.எஸ். ஓப்பனையும் ஒற்றையரில் வென்றார்கள். அவர்களோடு தோளுக்குத் தோள் நின்ற ஹங்கேரிப் பெண்கள் மூவருக்கும் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் கைகூடவில்லை. ஹங்கேரி மகளிரில் அதை வென்றவர் என்றால் 1958-இல் 33 வயதில் பாரிஸில் வென்ற ஜூஜா கொர்மொட்சிதான்.

இத்தனை பெயர்களையும் அடுக்கக் காரணம் இருக்கிறது. மகளை டென்னிஸில் வளர்க்கும் பெற்றோர் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். பெண்ணுக்கு 16, 17 ஆகிறது, ஜூனியரில் நன்றாக ஆடுகிறாள், அடுத்து என்ன? பள்ளியோடு நிறுத்திவிட்டு முழுநேரம் ஆடுவதா, ஐரோப்பாவில் அகாடமியில் சேர்ப்பதா, அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்புவதா? கெனினையோ கோகோ காஃபையோ பார்த்து இதற்குப் பதில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர்களுக்குப் பின்னால் அமெரிக்க டென்னிஸ் சங்கமும், உள்ளூரிலேயே நடக்கும் ஒரு கிராண்ட் ஸ்லாமும் இருக்கின்றன. ஹங்கேரியில் மக்கள்தொகை ஒரு கோடிகூட இல்லை. கிராண்ட் ஸ்லாம் கிடையாது. புடாபெஸ்டில் மகளிர் டூர் (உலகத் தொழில்முறைச் சுற்று) போட்டி சில ஆண்டுகள் நடக்கும், சில ஆண்டுகள் நடக்காது. அப்படியிருந்தும் தலைமுறைக்கு ஒரு ஜூனியர் சாம்பியனை அந்த நாடு தந்துகொண்டே இருக்கிறது. பெரிய பின்புலம் இல்லாத குடும்பம் கற்றுக்கொள்ள ஏற்ற இடம் அதுதான்.

என் கணிப்பு இது. திறமையில் இந்தப் பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்பதை ஜூனியர் முடிவுகளே காட்டிவிட்டன. வித்தியாசம் 17-க்கும் 23-க்கும் நடுவிலுள்ள ஆறு ஆண்டுகளில் விழுகிறது. எந்த வழி சிறந்தது என்று பார்ப்பதைவிட, எந்த வழியில் போனால் அந்த ஆறு ஆண்டுகளை உங்கள் மகளால் கடக்க முடியும் என்று பார்ப்பதே சரி.

## எதை வைத்து அளப்பது

முதலில் பணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கேதான் பெற்றோரின் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் மகளிர் போட்டிகளில் அடிப்படிக்கட்டு டபிள்யூ15. அதற்கு மேல் 35, 50, 75, 100. எண் என்பது பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. டபிள்யூ15-இல் ஒற்றையர் பட்டம் வென்றால் ஏறத்தாழ 2,300 டாலர். முதல் சுற்றில் தோற்றால் ஏறத்தாழ 150. வரி, ஹோட்டல், விமான டிக்கெட், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் இதிலிருந்துதான். அதாவது பட்டம் வென்ற வாரத்திலும் கையில் மிஞ்சுவது சொற்பம்.

புள்ளிக் கணக்கு இன்னும் கடுமை. இப்போது டபிள்யூ15 பட்டத்துக்கு 15 புள்ளி, டபிள்யூ35-க்கு 35, இப்படியே மேலே. ஒற்றையர் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வது சிறந்த 18 போட்டிகள். ஒரு பெண் 18 டபிள்யூ15 போட்டிகளிலும் பட்டமே வென்றாலும் 270 புள்ளிதான். கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றின் வாசலில் கொண்டுபோய் விடும், உள்ளே சேர்ப்பது உறுதியில்லை.

பணம் உண்மையில் மாறுவது இரண்டு இடங்களில். தரவரிசையில் 230, 240-ஐ ஒட்டி வந்தால் கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றில் இடம் கிடைக்கும். 2025-இல் அங்கே முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கும் மெல்போர்னில் 35,000 ஆஸ்திரேலிய டாலர், பாரிஸில் 21,000 யூரோ, விம்பிள்டனில் 15,500 பவுண்டு, நியூயார்க்கில் 27,500 டாலர் கிடைத்தது. நான்கும் சேர்த்தால் ஏறத்தாழ 90,000 அமெரிக்க டாலர். அடுத்த படி முதல் 100. அதே 2025-இல் பிரதான சுற்றின் முதல் ஆட்டத் தோல்விக்கு விம்பிள்டனில் 66,000 பவுண்டு, நியூயார்க்கில் 1,10,000 டாலர். ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது கேட்க வேண்டியது, 240-ஐத் தொடும் வரை யார் செலவு செய்வது என்பதைத்தான்.

இரண்டாவது, உடல். வளரும் வயதில் எத்தனை வாரம், எந்தத் தளத்தில், யாருடைய கண்காணிப்பில்? மூன்றாவது, வாரந்தோறும் கிடைக்கும் எதிராளியின் தரம். நான்காவது, கதவைத் திறந்துவிட ஆள் இருக்கிறதா என்பது: வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி இடம்), பயிற்சித் தோழி, பிசியோ. ஐந்தாவது, சரிவராவிட்டால் திரும்பிவர என்ன இருக்கிறது.

நான்காவது அளவுகோலுக்கு ஓர் உதாரணம். 2015 யு.எஸ். ஓப்பன் ஜூனியர் இறுதியில் தோற்ற கெனின், அதே போட்டியின் பிரதான மகளிர் சுற்றிலும் ஆடியிருந்தார். அமெரிக்காவின் 18 வயதுக்குட்பட்டோர் தேசியப் பட்டத்தை வென்றதற்காக வைல்டு கார்டு கிடைத்திருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றார், ஆனால் 16 வயதில் அந்த மைதானம், அந்தக் காசோலை, அந்த அனுபவம் எல்லாம் அவருக்குக் கிடைத்துவிட்டன. அவரை வென்ற கால்ஃபிக்குத் தன் நாட்டில் அப்படியொரு மேடையே கிடையாது.

## வழி 1: எடுத்த எடுப்பில் பெரிய டூருக்கு

ஹங்கேரியில் இந்த வழியில் போன இருவர் மிக உயரம் ஏறினார்கள். இருவரையும் உடம்பு இறக்கிவிட்டது.

புடாபெஸ்டில் பிறந்த ஆண்ட்ரியா டெமெஷ்வாரிக்குப் பயிற்சி அளித்தவர் கூடைப்பந்து வீரரான அவருடைய தந்தை. 1983-இல் 17 வயதில் இத்தாலிய ஓப்பனை வென்றார். 1984 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 7. பிறகு கணுக்காலிலும் தோளிலும் காயங்கள். 1986-இல் மார்ட்டினா நவ்ரத்திலோவாவுடன் பிரெஞ்சு ஓப்பன் இரட்டையரை வென்றார் என்றாலும், ஒற்றையரில் அந்த 7-ஆம் இடத்தின் பக்கம் அவரால் திரும்ப வர முடியவில்லை.

சாவாயின் 2007-ஆம் ஆண்டை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. பலெர்மோவில் முதல் டூர் பட்டம். நியூ ஹேவனில் இறுதி வரை. யு.எஸ். ஓப்பனில் காலிறுதி. பெய்ஜிங் இறுதியில் யெலெனா யான்கோவிச்சிடம் மேட்ச் பாயின்ட் வரை போய், அதைத் தடுத்து, பட்டத்தையும் வாங்கினார். எல்லாம் 18 வயதில். மகளிர் டூரை நடத்தும் டபிள்யூடிஏ அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாக அவரைத் தேர்ந்தெடுத்தது. 2008 ஏப்ரலில் 13-ஆம் இடம். 2009 பிரெஞ்சு ஓப்பனில் வீனஸ் வில்லியம்ஸை 6-0, 6-4 என்று வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் அந்த நியூ ஹேவன் இறுதியிலேயே முதுகு வலியால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2013-இல் அதே முதுகால் 24 வயதில் ஓய்வு. ஐந்து டூர் பட்டங்கள், அதோடு முடிந்தது.

இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான். சீக்கிரம் ஜெயிக்கும் பெண்ணுக்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் மனம் வராது. போன ஆண்டு எடுத்த புள்ளிகளை இந்த ஆண்டு அதே வாரத்தில் காப்பாற்றியாக வேண்டும். வலித்தாலும் ஆட வேண்டியிருக்கும். பதின்ம வயதிலேயே டூருக்கு வந்து களைத்து விலகிய அமெரிக்காவின் ஜெனிஃபர் காப்ரியாட்டியின் அனுபவத்துக்குப் பிறகு 1995 முதல் டபிள்யூடிஏ வயது வரம்பு கொண்டுவந்தது. 14 வயதில் 8 தொழில்முறைப் போட்டிகள், 15-இல் 10, 16-இல் 12, 17-இல் 16; முழுச் சுதந்திரம் 18-இல்தான். பெற்றோர் பலர் இதைத் தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது அந்தப் பெண்ணின் முதுகுக்கான காப்பீடாகத்தான் தெரிகிறது.

எப்போது இது சரி? 18 முடிவதற்குள் தரவரிசை தானாகவே 150-க்குள் வந்துவிட்டால். அந்த நிலையில் யோசிக்க ஒன்றுமில்லை, போக வேண்டியதுதான், ஆனால் முதல் பரிசுப் பணம் பிசியோவுக்கு. வைல்டு கார்டுகளாலும் ஒரு நல்ல மாதத்தாலும் வந்த தரவரிசையை நம்பிப் படிப்பை விடுவது வேறு விஷயம். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

## வழி 2: ஊரில் இருந்தபடியே ஐடிஎஃப் படிக்கட்டு

கால்ஃபியும் அவருடைய தலைமுறையும் நடந்த வழி இது. அந்தத் தலைமுறையை வரிசையாக நிறுத்திப் பார்த்தால்தான் பாடம் புரியும்.

கால்ஃபி: 1998-இல் பிறந்தவர், ஜூனியர் உலக முதலிடம், யு.எஸ். ஓப்பன் ஜூனியர் பட்டம். 2022-இல் 79-ஆம் இடம். அன்னா போண்டார்: 1997, செக்ஹலோம் என்ற சிற்றூர், ஜூனியர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் ஏதும் இல்லை. 2021 நவம்பரில் புவனஸ் ஐரிஸில் டபிள்யூடிஏ 125 (பெரிய டூருக்கு ஒரு படி கீழே) பட்டம், 2022 ஜூலையில் 50-ஆம் இடம். பன்னா உட்வார்டி: 1998, கபோஷ்வார் ஊர், அவருக்கும் அப்படி ஜூனியர் பட்டம் இல்லை. 2022-இல் அவரும் முதல் 100-க்குள் ஆடிக்கொண்டிருந்தார்.

உலகமே பேசிய ஜூனியர் சாம்பியனும், அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு பெண்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், 23, 24 வயதில், ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். 17 வயதில் வென்ற கோப்பை கால்ஃபிக்கு ஓர் ஆண்டைக்கூட மிச்சப்படுத்தவில்லை. கோப்பை இல்லாததால் போண்டாருக்கு ஓர் ஆண்டும் நஷ்டமாகவில்லை. மகள் ஜூனியர் கிராண்ட் ஸ்லாமுக்குப் போகவில்லையே என்று கலங்கும் பெற்றோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

இந்த வழியின் நல்ல பக்கம், வீடு. அம்மா சமையல், பழகிய பயிற்சியாளர், சொந்த மொழி. மத்திய ஐரோப்பாவில் இன்னொரு வசதி: ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, குரோஷியா, செர்பியா எல்லாம் எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். கோடையில் வாரத்துக்கு ஒரு போட்டியை ரயிலிலும் காரிலும் எட்டலாம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கிளம்பும் பெண்ணுக்கு இந்த வசதி கிடையாது. ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, தளம். ஹங்கேரிக் கிளப்புகளின் உயிர்நாடி செம்மண் தளம். குளிர்காலத்தில் காற்றடைத்த கூடாரங்களுக்குள் ஆட வேண்டும். டூரின் பெரும்பகுதி கடினத் தளத்தில் நடக்கிறது. செம்மண்ணில் மட்டுமே புள்ளி சேர்த்த பெண், ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போனதும் திணறுவாள். இரண்டு, டபிள்யூ15 போட்டிகள் மொனாஸ்டிர், அன்டால்யா போன்ற உல்லாச விடுதி ஊர்களில் வாரக் கணக்கில் தொடர்ந்து நடக்கும். ஒரே விடுதியில் தங்கி நான்கு வாரம் ஆடலாம் என்பது சிக்கனமாகத் தெரியும். ஆனால் அதே முப்பது பெண்களையே திரும்பத் திரும்பச் சந்திப்பாள். ஆட்டம் ஒரே உயரத்தில் தேங்கிவிடும். மூன்றாவது, தனிமை. 19 வயதில், பயிற்சியாளரைக் கூட்டிப்போகப் பணமில்லாமல், தோற்ற மறுநாள் யாரும் தெரியாத ஊரில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது. விட்டுவிடும் பெண்கள் பலரும் இந்த அறைகளில்தான் அந்த முடிவை எடுக்கிறார்கள்.

ஆறு ஆண்டு செலவைத் தாங்கக் குடும்பத்தாலோ சங்கத்தாலோ முடியும், பெண்ணுக்குத் தோல்வியைச் செரிக்கும் பொறுமையும் இருக்கிறது என்றால் இது நல்ல வழி. மூன்று ஆண்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நடுவழியில் நிற்க நேரும்.

## வழி 3: வெளிநாட்டு அகாடமி

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். அஸரெங்கா பதின்ம வயதிலேயே பெலாருஸை விட்டு அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போனார். ஐஸ் ஹாக்கி வீரர் நிகோலாய் கபிபுலினின் குடும்பம் அவரை ஆதரித்தது. நல்ல தளம், நல்ல பயிற்சித் தோழிகள், ஆண்டு முழுக்க வெயில். சாவாயின் அந்தப் பழைய ஜோடி உலக முதலிடம் வரை போனதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் அங்கே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அகாடமியின் விளம்பரத்தில் இருக்கும் பெரிய பெயர், உங்கள் மகளுக்குத் தினமும் பந்து போடப்போவதில்லை. கட்டணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: போட்டிக்குப் போகும்போது கூட வருபவர் யார், அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? உறவினரோ நெருங்கிய நண்பரோ இல்லாத ஊருக்கு 15 வயதுப் பெண்ணை முழுக் கட்டணம் கட்டி அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் ஆறு வாரம், எட்டு வாரம் போய்வரலாம். அதில் பாதி நன்மை கிடைத்துவிடும்.

## வழி 4: அமெரிக்கக் கல்லூரி

பத்து ஆண்டுக்கு முன் இதைச் சொன்னால், ஆட்டத்தைக் கைவிட்டவர்கள் போகும் இடம் என்பார்கள். அந்தப் பேச்சு இப்போது எடுபடாது. டேனியல் காலின்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2014-லும் 2016-லும் கல்லூரி தேசியப் பட்டம் வென்று, 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி வரை போனார். அதே பல்கலைக்கழகத்தின் எம்மா நவாரோ 2024 யு.எஸ். ஓப்பன் அரையிறுதியில் ஆடினார். ரஷ்யாவின் டயானா ஷ்னைடர் நார்த் கரோலைனா ஸ்டேட்டில் ஒரு பருவம் ஆடிவிட்டுத் தொழில்முறைக்கு வந்தார். 2024-இல் புடாபெஸ்ட் பட்டத்தையே வென்றார். ஹங்கேரிப் பெண்களின் சொந்த மண்ணில், கல்லூரி வழியாக வந்த ஒருத்தி.

நம் ஊருக்கும் ஒரு சாட்சி உண்டு. இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென், ஆரிகனிலும் பெப்பர்டைனிலும் கல்லூரி டென்னிஸ் ஆடி முடித்தவர். 2025 சென்னை ஓப்பன் ஒற்றையர் கோப்பையை நுங்கம்பாக்கத்தில் வாங்கினார். பெரிய டென்னிஸ் பின்புலம் இல்லாத நாட்டுப் பெண் கல்லூரி வழியாகவும் டூர் பட்டம் வரை வரலாம் என்பதைச் சென்னை ரசிகர்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

பணக் கணக்கில் இதற்கு இணை இல்லை. நல்ல அணியில் இடம் கிடைத்தால் படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சியாளர், பிசியோ, ஜிம், பயணம் எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் மகளிர் அணிக்கு 8 முழு உதவித்தொகை என்பது நீண்ட காலம் இருந்த விதி. ஆண்கள் அணிக்கு நாலரைதான். அதனால் வெளிநாட்டுப் பெண்களுக்கு இடம் கிடைப்பது ஆண்களைவிட எளிதாக இருந்தது. ஒவ்வோர் அணி மோதலிலும் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். ஆகவே இரட்டையரும் கூடவே பழகும். செம்மண் பெண்ணுக்குக் கடினத் தளமும் பழகும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, தோற்றால் அழ ஒரு தோள் பக்கத்திலேயே இருப்பது. வழி 2-இல் சொன்ன ஹோட்டல் அறை இங்கே கிடையாது.

மறைமுகச் செலவுகளும் உண்டு. அணிப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேர வரம்பு. பாட அட்டவணையால் டூர் காலண்டரில் ஜனவரி முதல் மே வரை பெரும்பாலும் போய்விடும். முக்கியமாக, பரிசுப் பணம். கல்லூரியில் சேரும் முன் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை, அதற்கு மேல் ஆடச் செலவான தொகைக்கு ஈடாக மட்டும் வாங்கலாம் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. 16 வயதில் ஒரு நல்ல வாரம் அமைந்து பெரிய காசோலையை யோசிக்காமல் வாங்கிய பெண்ணுக்குக் கல்லூரிக் கதவு சாத்தப்படும் ஆபத்து இருந்தது. நார்த் கரோலைனா பல்கலைக்கழக வீராங்கனை ரீஸ் பிரான்ட்மையர் இந்த விதியை எதிர்த்து 2024-இல் வழக்கே போட்டார். பள்ளி முடித்து ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்து போட்டிகளில் ஆடினால் ஆடும் ஆண்டுகள் குறையும் என்ற விதியும் டென்னிஸுக்கு நெடுநாள் இருந்தது. இந்த விதிகள் சமீப ஆண்டுகளில் வேகமாக மாறுகின்றன. சேரப்போகும் கல்லூரியின் விதி அலுவலரிடம் எழுத்தில் வாங்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

## வழி 5: இரட்டையரைத் தோள் கொடுக்க வைப்பது

பாபோஷின் கதையைப் பலரும் 'ஒற்றையரில் முடியாமல் இரட்டையருக்குப் போனவர்' என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2012-இல் 18 வயதில் மொன்டெரேயில் ஒற்றையர் டூர் பட்டம். 2016-இல் ஒற்றையரில் 25-ஆம் இடம். 2017-இல் சொந்த நாட்டு ரசிகர்கள் முன் புடாபெஸ்ட் பட்டம், இறுதியில் லூசி ஷஃபரோவாவை வீழ்த்தி. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே இரட்டையர் அவருடைய சீசனைத் தாங்கியது. ஒற்றையரில் திங்கட்கிழமை தோற்றாலும் வாரக் கடைசி வரை ஆட்டம் உண்டு, சம்பளம் உண்டு, பெரிய மைதானம் உண்டு. 2018-இல் கிறிஸ்டினா மிளாடெனோவிச்சுடன் ஆஸ்திரேலிய ஓப்பன், அதே ஆண்டு ஜூலையில் இரட்டையர் உலக முதலிடம். இருவரும் சேர்ந்து நான்கு கிராண்ட் ஸ்லாம்.

கால்ஃபியின் ஜோடியான ஷ்டொல்லாரும் 2018 புடாபெஸ்டில் ஜார்ஜினா கார்சியா பெரஸுடன் இரட்டையர் டூர் பட்டம் வென்றார், 19 வயதில். ஒற்றையரில் அந்த உயரத்தை எட்ட இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டியிருந்த காலம் அது.

ஆனால் கவனம் தேவை. இரட்டையர் மட்டும் போதும் என்று 18 வயதில் முடிவெடுத்தால் பணம் போதாது. 2025 விம்பிள்டனில் ஒற்றையர் முதல் சுற்றுக்கு 66,000 பவுண்டு. இரட்டையர் முதல் சுற்றில் ஒரு ஜோடிக்கே 17,000 பவுண்டைத் தொடவில்லை, அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதோடு, ஜோடி காயப்பட்டால் உங்கள் சீசனும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே இதைத் தனி வழியாக எடுக்காமல் வழி 2-உடனோ 4-உடனோ சேர்த்துப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

## ஒரே பார்வையில்

| வழி | 240-ஆம் இடம் வரை செலவு யாருடையது | உடல் | எதிராளியின் தரம் | சரிவராவிட்டால் | ஹங்கேரி உதாரணம் |
|---|---|---|---|---|---|
| நேராகப் பெரிய டூர் | தன் பரிசுப் பணமே, வென்றால் | ஆபத்து அதிகம் | மிக உயர்வு | ஏதுமில்லை | டெமெஷ்வாரி, சாவாய் |
| ஊரிலிருந்து ஐடிஎஃப் | குடும்பம், சங்கம் | கண்காணித்தால் நலம் | கீழ்ப்படியில் தேங்கும் | படிப்பைத் தொடர்ந்திருந்தால் மட்டும் | கால்ஃபி, போண்டார், உட்வார்டி |
| வெளிநாட்டு அகாடமி | குடும்பம், மிக அதிகம் | இடத்தைப் பொறுத்தது | பயிற்சியில் உயர்வு | குறைவு | இல்லை. அஸரெங்கா ஒப்பீட்டுக்கு |
| அமெரிக்கக் கல்லூரி | கல்லூரி | நல்ல பராமரிப்பு | நடுத்தரம் முதல் உயர்வு | பட்டப்படிப்பு | இல்லை. ஷ்னைடர், ஜென் ஒப்பீட்டுக்கு |
| இரட்டையர் துணை | பகுதி தானே ஈட்டும் | சுமை குறைவு | பெரிய மேடை சீக்கிரம் | ஒற்றையர் தொடரும் | பாபோஷ், ஷ்டொல்லார் |

## யாருக்கு எது

வீட்டில் ஆறு ஆண்டுக்குப் பணம் இருக்கிறது, பக்கத்து நாடுகளில் போட்டிகள் உண்டு, பெண் தனியாக இருக்கப் பழகியவள்: வழி 2, இரட்டையரோடு. பள்ளிப் படிப்பை அஞ்சல் வழியிலாவது முடிக்க வேண்டும்.

பணம் மூன்று ஆண்டுக்குத்தான், பெண் படிப்பிலும் சுமாராக இருக்கிறாள், பின்னால் பெரிய சங்கம் இல்லை: வழி 4. நமக்கு எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். தயங்க வேண்டாம் என்பேன். 22 வயதில் பட்டத்தோடு ஐடிஎஃப் படிக்கட்டில் கால் வைப்பவள், 17-இல் கால் வைத்த ஜூனியர் சாம்பியனைவிடப் பின்தங்கிவிடுவதில்லை. போண்டாரும் கால்ஃபியும் முதல் நூறைத் தொட்ட வயது அதற்கு அருகில்தான்.

18-க்குள் 150-க்குள் வந்துவிட்டாள்: வழி 1. வயது வரம்பு அனுமதிக்கும் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு குறைத்தே ஆடுங்கள்.

16 வயதில் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், முடிவெடுக்காமலே ஓர் ஆண்டைப் பயனுள்ளதாக்கலாம். அந்த வயதில் 12 தொழில்முறைப் போட்டிகளுக்கு அனுமதி உண்டு. அதில் ஆறை வீட்டுக்கு எட்டும் தூரத்து டபிள்யூ15-களுக்கு ஒதுக்குங்கள். நான்கு, டபிள்யூ35 தகுதிச் சுற்றுகள். தோற்றாலும் பரவாயில்லை, தனக்கு மேலிருப்பவரின் பந்து எவ்வளவு கனமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியட்டும். அவற்றில் பாதியாவது அவளுக்குப் பழக்கமில்லாத தளத்தில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் இரட்டையருக்கும் பெயர் கொடுங்கள். மீதி இரண்டைக் காலியாக வைத்திருங்கள், அந்த வாரங்களில் ராக்கெட்டைத் தொட வேண்டாம். ஒவ்வொரு டிக்கெட், ஹோட்டல், நரம்பு ரசீதையும் தேதிவாரியாகக் கோப்பில் சேருங்கள், நாளைக்குக் கல்லூரி கேட்டால் அதுதான் கணக்கு. இந்த ஆண்டு தொடங்கும் முன் ஒரு விளையாட்டு மருத்துவரிடம் அவளுடைய முதுகைக் காட்டிவிடுங்கள்.